ஈசிஜியில் வராத நோய்

கன்னியப்பன் வேனைப் பாலத்தின் நடுவில் நிறுத்தியபோது மணி ஆறே முக்கால். தை மாதம். பனி இன்னும் முழுதாக விலகவில்லை. வண்டிக்குள் பத்தொன்பது பெண்கள் இருந்தார்கள். பாதிப் பேர் தூக்கத்தில் இருந்ததால் வண்டி நின்றதே அவர்களுக்குத் தெரியவில்லை.

பதினோரு வருடமாக அவன் அந்த வழியில் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். திருமுக்கூடலுக்குத் தெற்கே நான்கு ஊர்களில் பெண்களை ஏற்றிக்கொண்டு, பாலாற்றுப் பாலத்தைக் கடந்து, பழையசீவரம், வாலாஜாபாத் வழியாக ஒரகடத்தில் இறக்கிவிட வேண்டும். அங்கே கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனி ஒன்றில் அவர்களுக்கு வேலை. சாயங்காலம் திரும்ப அழைத்து வர வேண்டும். ஊரில் அவனுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் உண்டு. அதைத் தம்பி பார்த்துக்கொண்டான்.

அன்று பாலத்தில் ஏறிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்பான். யாரோ நெஞ்சில் முழங்காலை வைத்து அழுத்துவது போல் இருந்தது. அடுத்து இதயம் தறிகெட்டு அடிக்கத் தொடங்கியது. இரண்டு கைகளும் விரல் நுனியிலிருந்து மேல்நோக்கி மரத்துக்கொண்டே வந்தன. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறோமா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. மூச்சு உள்ளே போனது, ஆனால் போதவில்லை. அவனுடைய அப்பா நாற்பத்தாறு வயதில் நாற்று பிடுங்கிக்கொண்டிருக்கும்போது சேற்றிலேயே சாய்ந்து இறந்தவர். கன்னியப்பனுக்கு இப்போது நாற்பத்து நான்கு. இது அதுதான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. வண்டியை ஓரம் கட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். பிறகு ஸ்டியரிங் மேல் தலையை வைத்துக்கொண்டான்.

முன் சீட்டில் இருந்த மங்கம்மாதான் முதலில் கத்தியது. பெண்கள் இறங்கினார்கள். ஒருத்தி அவன் காலைத் தேய்த்தாள், ஒருத்தி ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். ஆம்புலன்ஸ் வந்து அவனைக் காஞ்சிபுரத்துக்கு ஏற்றிக்கொண்டு போவதற்குள் படபடப்பு பாதி அடங்கியிருந்தது. மருத்துவமனையில் ஈசிஜி எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். மதியம் வரை படுக்கவைத்து மறுபடியும் ஈசிஜி எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தன. ஒன்றுமில்லை, வாயுவாக இருக்கும், வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

ஒன்றுமில்லை என்ற சொல் அவனை நிம்மதிப்படுத்தவில்லை. சாவை அவ்வளவு பக்கத்தில் பார்த்துவிட்டு வந்தவனிடம் ஒன்றுமில்லை என்றால், அவர்கள் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். அப்படித்தான் அவன் எடுத்துக்கொண்டான்.

மாசி முடிவதற்குள் இன்னும் நான்கு முறை வந்தது. இரண்டு முறை பாலத்தில், ஒரு முறை வாலாஜாபாத் ரயில்வே கேட்டில், ஒரு முறை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம், கால் மணி நேரம். பிறகு தானாக வடிந்துவிடும். வடிந்த பிறகு உடம்பு துவைத்துப் பிழிந்த துணி மாதிரி கிடக்கும். வராத நேரங்களில் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தான். மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடியை எண்ணுவது வழக்கமாகிவிட்டது. பேசிக்கொண்டிருக்கும்போதே எண்ணுவான். எதிரில் இருப்பவர் என்ன சொன்னார் என்பது காதில் ஏறாது.

அவன் மனைவி ராணியம்மாள் பழையசீவரம் மலைக் கோயிலுக்கு வேண்டிக்கொண்டாள். யாரோ சொன்னார்கள் என்று மந்திரித்த கயிறு வாங்கி வந்து கட்டினாள். அவனைத் தனியாக விடக்கூடாது என்று கடைக்குப் போனால்கூடக் கூடவே போனாள். சில நாட்கள் வேனிலும் முன் சீட்டில் உட்கார்ந்து ஒரகடம் வரை போய் வந்தாள். அவள் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் பரவாயில்லை என்று அவனுக்குத் தோன்றியது. அதனால் அவள் இல்லாமல் எங்கேயும் போக முடியாமல் ஆனது.

பாலத்தைத் தவிர்த்துவிடலாமா என்றும் யோசித்துப் பார்த்தான். ஆனால் எந்தப் பக்கம் சுற்றினாலும் வடக்கே போக வேண்டுமானால் பாலாற்றைக் கடந்துதான் ஆக வேண்டும்.

பங்குனியில் ஒரு தனியார் கிளினிக்கில், தூக்கம் வராததற்காக என்று பத்து நாளைக்கு ஒரு சின்ன மாத்திரை எழுதித் தந்தார்கள். அதைப் போட்ட அரை மணி நேரத்தில் நெஞ்சு அடங்கியது. கன்னியப்பனுக்கு வழி கிடைத்துவிட்டது. பத்து நாள் முடிந்த பிறகும் பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டான். காலையில் வண்டி எடுப்பதற்கு முன் ஒன்று, சாயங்காலம் திரும்பும்போது ஒன்று. பாலம் வந்தது, போனது. ராணியம்மாள் வேனில் வருவதை நிறுத்திக்கொண்டாள். குணமாகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள்.

மாத்திரை பயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகவில்லை. சித்திரை கடைசியில் மகள் பிரபாவுக்கு பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. அவள் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவது மதிப்பெண். அவள் போனைக் கொண்டுவந்து அவன் முகத்துக்கு நேராகக் காட்டினாள். அவன் எண்ணைப் பார்த்தான். "சரி" என்றான். பிரபா சிறிது நேரம் நின்றுவிட்டு உள்ளே போனாள். மகிழ்ச்சி வர வேண்டிய நேரம் இது என்பது அவனுக்குத் தெரிந்தது. வரவில்லை. தம்பி மனைவி இனிப்பு கொடுத்தாள். வாயில் போட்டு மென்றான். பல் மருத்துவர் ஊசி போட்ட பிறகு தாடை இருக்குமே, உள்ளே எல்லாமே அப்படி இருந்தது.

வைகாசியில் ஒரு காலை வாலாஜாபாத்தைத் தாண்டிய வளைவில் கன்னியப்பன் தூங்கிவிட்டான். இரண்டு மூன்று நொடிதான் இருக்கும். வேன் சாலையை விட்டு இறங்கி, ஒரு புளியமரத்தை ஒரு முழ இடைவெளியில் தாண்டி, தரிசாகக் கிடந்த நிலத்தில் போய்க் குலுங்கி நின்றது. யாருக்கும் பெரிய அடியில்லை. மங்கம்மாவுக்கு மட்டும் முன் கம்பியில் நெற்றி இடித்துக் கொஞ்சம் வீங்கியது. பெண்கள் சத்தம் போட்டார்கள், சிலர் அழுதார்கள். கன்னியப்பன் இறங்கி டயரைச் சுற்றிப் பார்த்தான். அவன் கை நடுங்கவில்லை. அந்த மரத்தில் மோதியிருந்தால் பத்தொன்பது வீடுகளில் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தான். அந்த நினைப்பும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போலத்தான் இருந்தது.

கம்பெனி வாசலில் எல்லோரும் இறங்கிய பிறகு திலகா மட்டும் நின்றாள். கன்னியப்பன் ஊரின் காலனியைச் சேர்ந்தவள். முப்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் இருந்தாலும் சர்ச்சுக்குப் போக வேண்டும் என்று வராதவள். அதைத் தவிர அவளைப் பற்றி அவனுக்கு அதிகம் தெரியாது. அவளுடைய அப்பா ஒரு காலத்தில் இவன் அப்பாவின் நிலத்தில் வேலை செய்தவர்.

"அண்ணா, நீங்க போடற மாத்திரைய நான் பாத்தேன்" என்றாள். "அத்தப் போட்டுக்கினு வண்டி ஓட்டக் கூடாது."

அவன் வண்டிச் சாவியை உருவினான்.

"எனக்கும் இது கீது. ஆறு வருசமா. நெஞ்சு அடிச்சிக்கும், கை மரத்துப் பூடும், இப்பவே செத்துடுவேன்ற மாதிரி ஆவும். நானும் எத்தினியோ ஈசிஜி எடுத்தேன். அதுல வராது அண்ணா."

அவள் நின்றபடியே மீதியையும் சொன்னாள். இரண்டாவது பிள்ளை பிறந்த மூன்றாம் மாதம் சர்ச்சில் ஜெபத்தின்போது முதலில் வந்ததாம். பிறகு கூட்டம் என்றாலே ஆகாமல் போனதாம். ஒரு வருடம் வீட்டை விட்டே வெளியே வரவில்லை. உத்திரமேரூர் அரசு மருத்துவமனைக்கு வியாழக்கிழமை ஒரு டாக்டரம்மா வருவார், மனநல டாக்டர். அவரிடம் காட்டித்தான் வேலைக்கே வர முடிந்தது. இப்போதும் மாதம் ஒரு தடவை போகிறாள். அவள் புருஷன் விஜய்க்கு மட்டும் தெரியும். மாமியாருக்குத் தெரியாது, கம்பெனியில் யாருக்கும் தெரியாது.

"யார் கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணா" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய்க் கார்டைத் தேய்த்தாள். ஷிப்டுக்கு நேரமாகியிருந்தது.

அடுத்த வியாழக்கிழமை கன்னியப்பனும் ராணியம்மாளும் உத்திரமேரூருக்குப் போனார்கள். டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். அவர் அவனை அவசரப்படுத்தவில்லை. எப்போது ஆரம்பித்தது, எவ்வளவு நேரம் இருக்கும், அதற்குப் பயந்து எதையெல்லாம் விட்டுவிட்டான் என்று கேட்டார். தைராய்டுக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார். குடிப்பழக்கம் உண்டா, தற்கொலை எண்ணம் வந்ததா என்றும் கேட்டார். ராணியம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். இல்லை என்றான். அது உண்மைதான். சாக வேண்டும் என்று அவன் ஒரு நாளும் நினைத்ததில்லை. செத்துவிடுவோம் என்றுதான் நினைத்தான்.

அவர் சொன்னது இது. வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. திருடன் வந்தால் அது குரைக்க வேண்டும், அதற்குத்தான் வளர்க்கிறோம். இவனுடைய நாய் மரத்திலிருந்து இலை விழுந்தாலும் திருடன் வந்தது போலக் குரைக்கிறது. குரைப்பது பொய் இல்லை, இதயம் அடிப்பதும் மூச்சு முட்டுவதும் உண்மைதான். ஆனால் வீட்டுக்குள் திருடன் இல்லை. இதற்குப் பெயர் இருக்கிறது, பீதி நோய். நிறையப் பேருக்கு வருகிறது. பைத்தியம் இல்லை, மாரடைப்பும் இல்லை, சரிசெய்யக்கூடியது.

"அப்ப கிளினிக்ல குடுத்த மாத்திரை?" என்று ராணியம்மாள் கேட்டாள்.

அது நாயைத் தூங்க வைக்கிற மாத்திரை, கூடவே வீட்டுக்காரனையும் தூங்க வைக்கும் என்றார் டாக்டர். நாள்பட்டால் அது இல்லாமல் இருக்க முடியாது. திடீரென்று நிறுத்தவும் கூடாது. வாரம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். வேறொரு மாத்திரை எழுதினார். அது உடனே வேலை செய்யாது, மூன்று நான்கு வாரம் ஆகும், முதல் பத்து நாள் படபடப்பு கொஞ்சம் கூடுவது போலக்கூட இருக்கும், பயந்து விட்டுவிடக் கூடாது என்றார். அதுவரை வண்டி ஓட்டக் கூடாது. கடைசியாக ராணியம்மாளைப் பார்த்து, இனிமேல் அவனோடு கூடவே போக வேண்டாம் என்றார். அவளுக்கு அது கோபமாக வந்தது. வெளியே வந்த பிறகுதான் காட்டினாள்.

மருந்து ஒரு பாதிதான். மறுபாதி பக்கத்து அறையில் இருந்த ஆலோசகர் வசந்த்குமாரிடம் நடந்தது. இரண்டாவது வாரம் அவர் கன்னியப்பனை மருத்துவமனைப் படிக்கட்டுக்கு அழைத்துப்போனார். மாடிக்கு வேகமாக ஏறி இறங்கச் சொன்னார், நான்கு முறை. கன்னியப்பனின் இதயம் பாலத்தில் அடித்தது போலவே அடித்தது. விரல் தானாக மணிக்கட்டுக்குப் போனது.

"கையை முட்டி மேல வச்சிக்கோங்க. எண்ண வேணாம்" என்றார் வசந்த்குமார். "இப்ப என்ன ஆகும்னு நெனக்கிறீங்க?"

"செத்துடுவேன்."

"சரி. உக்காந்து பாப்போம்."

படியிலேயே இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். பயம் பத்துக்கு எவ்வளவு என்று அவர் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டுக் குறித்துக்கொண்டார். ஒன்பது. ஒன்பது. ஏழு. ஊசி போட வந்த குழந்தை ஒன்று கீழே அழுதுகொண்டிருந்தது. ஐந்து. மூன்று. கன்னியப்பன் சாகவில்லை. பயம் வந்தால் ஓடவும் வேண்டாம், தண்ணீர் குடித்து, நாடி பார்த்து அதை அடக்கவும் வேண்டாம், அது ஏறி இறங்கும் வரை அங்கேயே இருந்தால் போதும் என்று வசந்த்குமார் சொன்னார். ஒவ்வொரு முறை ஓடும்போதும், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று உடம்பு நம்பிவிடுகிறதாம்.

வீட்டுக்கு வேலையும் கொடுத்தார். தினமும் பாலத்தில் நடக்க வேண்டும். முதல் வாரம் கால்வாசித் தூரம் போய், பயம் பாதியாகும் வரை நின்றுவிட்டுத் திரும்ப வேண்டும். அடுத்த வாரம் பாதி. கன்னியப்பன் செய்தான். ஆனி மாத வெயிலில் சைக்கிளில் போய், பாலத்தில் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றான். தெரிந்தவர்கள் வண்டியை நிறுத்தி என்ன என்று கேட்டார்கள். காத்து வாங்குவதாகச் சொன்னான். கீழே மணலும் நாணலும் எங்கோ ஒரு கோடு தண்ணீரும் கிடந்தன. பயம் வந்தது, ஏறியது, இறங்கியது. மூன்றாவது வாரம் முடிவில் பழையசீவரம் கரைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தான். தூக்க மாத்திரை கால் பங்காகக் குறைந்திருந்தது.

ஆனால் உள்ளே அந்த மரத்த தன்மை போகவில்லை. பயம் குறைந்த இடத்தில் வேறு எதுவும் வந்து உட்காரவில்லை.

அந்த நாட்களில்தான் வேன்களுக்குச் சொந்தக்காரர் வெங்கடேசன் வீட்டுக்கு வந்தார். எப்போது வண்டி எடுப்பாய் என்று கேட்டார். கன்னியப்பன் எல்லாவற்றையும் சொன்னான். மறைக்கத் தோன்றவில்லை. மனநல டாக்டரா, உன்னை யார் அங்கே அனுப்பியது என்று வெங்கடேசன் ஆச்சரியப்பட்டார்.

"காலனி திலகாதான் சொல்லிச்சி. அதுவும் அங்கதான் மாத்திரை வாங்குது" என்றான் கன்னியப்பன். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வது போலத்தான் சொன்னான்.

வெங்கடேசன் அதை மாற்று டிரைவரிடம் சொன்னார். மாற்று டிரைவர் வேனில் சொன்னான். இரண்டு நாளில் திலகா பக்கத்தில் உட்கார ஆள் இல்லாமல் போனது. சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி அவளிடம் கரண்டியைக் கேட்டு வாங்கி, உனக்குக் கோபம் வந்தால் இதாலேயே அடிப்பாயா என்று சிரித்தாளாம். விஷயம் சூப்பர்வைசர் காதுக்குப் போனது. மிஷினில் ஏதாவது ஆகிவிடும் என்று அவளை வயர் கட்டும் இடத்திலிருந்து எடுத்து, அட்டைப்பெட்டி மடிக்கிற இடத்தில் போட்டார்கள். ஊரில் அவள் மாமியார் செல்லம்மாள், இத்தனை வருடம் என்னை ஏமாற்றிவிட்டாய் என்று பிள்ளைகளைத் தன் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டாள். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து திலகா வேலைக்கு வரவில்லை.

இதையெல்லாம் ராணியம்மாள் ரேஷன் கடை வரிசையில் கேட்டுவிட்டு வந்தாள். பையைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"அந்தப் பொண்ணு உனக்கு இன்னா கெடுதல் பண்ணுச்சி? சொல்லாதன்னு தானே சொல்லிச்சி. அதுவே வந்து உன்ன காப்பாத்துனா, நீ அது பேர எட்த்து தெருவுல வுட்டுட்டு வந்துகீற."

"அவரு கேட்டாரு, சொன்னேன்" என்றான் கன்னியப்பன்.

அன்று அவனுக்குச் சாப்பாட்டை பிரபாதான் போட்டாள்.

வியாழக்கிழமை டாக்டரம்மாவிடம் அவன் இதைச் சொன்னான். பாலத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு, கடைசியில் சொன்னான். தப்பு செய்துவிட்டேன் என்று தெரிகிறது, ஆனால் தப்பு செய்த மாதிரி உள்ளே எதுவும் இல்லை. ரிசல்ட் வந்தபோதும் இப்படித்தான் இருந்தது. இதுவும் வியாதியா, இல்லை நானே இப்படித்தானா என்று கேட்டான்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மாதக்கணக்கில் பயந்த உடம்பு களைத்துப்போய் எல்லாவற்றையும் மூடிக்கொள்ளும் என்றார். பழைய மாத்திரை கொஞ்சம் காரணம். தான் கொடுத்த புது மாத்திரையிலும் சிலருக்கு இப்படி ஆவதுண்டு. அளவைக் குறைத்துப் பார்க்கலாம். மெதுவாக வரும்.

"வர்ற வரைக்கும் இன்னா பண்றது?" என்று கன்னியப்பன் கேட்டான்.

"பயம் போன பிறகா பாலத்துல நடந்தீங்க? பயத்தோடதானே நடந்தீங்க. இதுவும் அப்படித்தான். மனசு வரட்டும்னு காத்திருக்க வேணாம். செய்ய வேண்டியது என்னன்னு உங்களுக்குத் தெரியுது இல்ல, அதைச் செய்யுங்க."

சனிக்கிழமை காலையில் அவன் காலனிக்குப் போனான். பதினோரு வருடமாகக் காலனி முனையில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்திருக்கிறான். உள்ளே போனதில்லை. திலகாவின் வீட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவள் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்தாள், ஆனால் வாங்க என்று சொல்லவில்லை. உள்ளேயிருந்து செல்லம்மாள் எட்டிப் பார்த்தாள். விஜய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

கன்னியப்பனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. மணிக்கட்டைத் தொடவில்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்றான். திலகா ஒரு கணம் அவனைப் பார்த்தாள். அவன் குடும்பத்தில் யாரும் அந்தத் தெருவில் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். உள்ளே போய்ச் சொம்பில் கொண்டுவந்தாள். அவன் வாய் வைத்துக் குடித்துவிட்டு அதைக் கீழே வைத்தான்.

"நான் சொல்லிட்டேன். சொல்லி இருக்கக் கூடாது" என்றான்.

"ஆமா" என்றாள் திலகா.

"வெங்கடேசன் கிட்ட பேசறேன். சூப்பர்வைசர் கிட்டயும் பேசறேன்."

"அவங்க கிட்ட இன்னான்னு சொல்லுவீங்க? அது நல்ல பொண்ணு, பைத்தியம் இல்லன்னா? அப்பவும் என்னப் பத்திதான் பேச்சு நடக்கும்." அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "என் பேரச் சொன்னீங்க இல்ல. உங்க பேரச் சொல்லுங்க. வண்டில அல்லார் முன்னாடியும், உங்களுக்கு இன்னா வந்துச்சி, எங்க போனீங்க, இன்னா மாத்திரை போடறீங்க, அல்லாத்தயும் சொல்லுங்க. உங்கள யாரும் கரண்டி கேட்டு சிரிக்க மாட்டாங்க."

அவன் சரி என்றான். எழுந்து வந்துவிட்டான். காலனி முனையைத் தாண்டும்போது கண்ணில் ஏதோ உறுத்தியது. தூசி என்று நினைத்துத் துடைத்தான். மறுபடியும் வந்தது.

ஆடி மாதம் நடுவில் தூக்க மாத்திரை முழுவதும் நின்றது. வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். முதல் நாள் காலை திருமுக்கூடலில் கடைசி ஆளை ஏற்றிக்கொண்ட பிறகு, பாலத்துக்கு முன்னாலேயே கன்னியப்பன் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தான். சீட்டில் திரும்பி உட்கார்ந்தான். பதினெட்டுப் பேர் இருந்தார்கள், திலகா இல்லை. படிக்கட்டில் அடித்ததைவிட வேகமாக இதயம் அடித்தது.

தையில் பாலத்தில் வந்தது மாரடைப்பு இல்லை என்றான். அதன் பெயரைச் சொன்னான். வாலாஜாபாத்தில் தூங்கிப்போனதற்குக் காரணம் நான் விவரம் தெரியாமல் போட்டுக்கொண்ட மாத்திரை, அதை மறைத்து உங்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு போனேன் என்றான். இப்போது எந்த டாக்டரிடம் போகிறான், எந்தக் கிழமை, என்ன மாத்திரை, அதில் தூக்கம் வராது என்பதையெல்லாம் சொன்னான். "திலகாவுக்கு இருக்கறது எனக்கும் கீது. அது இத்தினி வருசமா அத்த வச்சிக்கினு உங்க கூட வேல செஞ்சிச்சி. ஒரு நாளு கூட உங்களுக்குத் தெரில. அது சொல்லலன்னா அடுத்த தபா நான் வண்டிய மரத்துலயே மோதி இருப்பேன்."

பின்னால் ஒரு பெண், அப்படியானால் நீங்கள் வண்டி ஓட்டலாமா என்று கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் காட்டினான். அது கை மாறிக் கை மாறி ஒவ்வொருவரிடமும் போய்த் திரும்பி வந்தது. மங்கம்மா அதை ரொம்ப நேரம் வைத்திருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

அந்த வாரத்தில் இரண்டு பெண்கள் வேறு வேனுக்கு மாறினார்கள். மற்றவர்கள் இருந்தார்கள். கம்பெனியில் உடனே எதுவும் மாறிவிடவில்லை. மங்கம்மாவும் இன்னும் நான்கு பேரும் சூப்பர்வைசரிடம் போய், டிரைவருக்கே அந்த வியாதி இருக்கிறது, அவன் வண்டியில் எங்களை அனுப்புகிறீர்கள், திலகா வயர் கட்டக் கூடாதா என்று கேட்டார்கள். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

திலகா ஆடி கடைசியில் வந்தாள். காலனி முனையில் ஏறி, கடைசி சீட்டுக்குப் போய் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். கன்னியப்பனிடம் பேசவில்லை. பேச வேண்டும் என்று அவனும் எதிர்பார்க்கவில்லை. மூன்று வாரம் அட்டைப்பெட்டி மடித்தாள், பிறகு பழைய இடத்துக்கே மாற்றினார்கள். மாமியார் பிள்ளைகளைத் திலகாவிடமே விட்டுவிட்டாள் என்று ராணியம்மாள் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். ஆனால் சர்ச்சில் செல்லம்மாள் இன்னமும் மருமகளுக்காக எழுந்து நின்று ஜெபிக்கச் சொல்கிறாளாம்.

கன்னியப்பனுக்கு அதன் பிறகும் இரண்டு முறை வந்தது, ஆவணியில் ஒன்று, ஐப்பசி மழையில் ஒன்று. இரண்டு முறையும் வேகத்தைக் குறைத்து இடது ஓரமாகவே ஓட்டிக்கொண்டு போனான். எட்டு நிமிடம் இருந்தது. வாலாஜாபாத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வண்டியில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. மற்றதெல்லாம் மெதுவாகத்தான் வந்தது. முதலில் எரிச்சல் வந்தது, தம்பியிடம் வாய்க்கால் தண்ணீருக்காகச் சத்தம் போட்டான். ராணியம்மாள் அதற்காக அவனைத் திட்டவில்லை. பரவாயில்லை, சத்தம் போடட்டும் என்று தம்பி மனைவியிடம் சொன்னாளாம்.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை அவன் மருத்துவமனைக்குப் போனபோது பெஞ்சில் திலகா உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் மங்கம்மா, தலையை முக்காடு போட்டு மூடிக்கொண்டு. கணவன் போனதிலிருந்து நாலு வருடமாகக் கதவைப் பூட்டினேனா பூட்டினேனா என்று வழியிலிருந்து திரும்பிப் போய்ப் பார்க்கிறாளாம், வேலைக்கு வரும்போதும் அதே நினைப்பாம். திலகாதான் அழைத்து வந்திருந்தாள்.

கன்னியப்பன் நின்றான். திலகா பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இடம் விட்டாள். அவன் உட்கார்ந்தான்.

"உங்களுக்கு எத்தினி மில்லிகிராம் இப்போ?" என்று கேட்டாள்.

சொன்னான். தனக்கு அடுத்த மாதத்திலிருந்து குறைக்கப் போகிறார்கள் என்றாள். நிறுத்திவிட்டால் மறுபடியும் வருமா என்று அவன் கேட்டான். வரலாம், வந்தால் எங்கே வர வேண்டும் என்பது தெரியும் இல்லையா என்றாள். உள்ளேயிருந்து நர்ஸ் பதினேழு என்று கூப்பிட்டார். மங்கம்மா தன் சீட்டைத் திலகாவிடம் காட்டி, பதினேழுதானா என்று கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள்.